இறங்கிப் பார்க்க ஒரு நாள்

ஐரோப்பாவில் ரைன், டான்யூப் என்று பெரிய பெரிய நதிகள் இருக்கின்றன அல்லவா? அந்த நதிகளில் உல்லாசப் பயணிகளுக்கென்று நீண்ட படகுகள் ஓடுகின்றன. படகு என்றதும் நம் ஊர்ப் பரிசலை நினைத்துக்கொள்ளாதீர்கள். படுக்கையறை, சாப்பாட்டுக் கூடம், காற்று வாங்க மேல்தளம் எல்லாம் உள்ள மிதக்கும் ஹோட்டல் அது! இரவு நீங்கள் தூங்கும்போது படகு நகர்கிறது. காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் புதிதாக ஓர் ஊர் நிற்கிறது. இறங்கிப் போய் மாதா கோயிலைப் பார்த்து, கடைத்தெருவில் நாலு சாமான் வாங்கி, காப்பி குடித்துவிட்டுச் சாயங்காலம் படகுக்குத் திரும்பிவிட வேண்டியது. பெட்டி படுக்கையைச் சுமந்துகொண்டு அலைய வேண்டாம் என்பதுதான் இதிலுள்ள பெரிய சுகம்.

போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டு நீங்கள் பெருமூச்சு விட்டிருக்கலாம். வேண்டாம், பெருமூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். நமக்கு டான்யூப் நதி இல்லாவிட்டால் என்ன, தண்டவாளம் இருக்கிறதே! சென்னையில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், திருச்சியும் மதுரையும் தூக்கத்திலேயே கழிந்துவிடும். சிவகாசி தாண்டி, விடிந்தும் விடியாததுமாக ஸ்ரீவில்லிபுத்தூர். அன்று மாலை செங்கோட்டையிலிருந்து திரும்பி வரும் பொதிகையில், பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராஜபாளையத்தில் ஏறிக்கொள்ளலாம். நடுவில் முழுசாக ஒரு பகல் உங்களுடையது.

அந்த ஒரு பகலை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெரும்பாலோர் செய்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், ஆண்டாளைச் சேவிப்பார்கள், பால்கோவா வாங்குவார்கள், பத்து மணிக்குள் குற்றாலத்துக்கு வண்டி கட்டிவிடுவார்கள். "ராஜபாளையமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். என் கட்சி வேறு. காலையை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொடுங்கள், பிற்பகலை ராஜபாளையத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். காரணம் போகப் போகத் தெரியும்.

எங்கள் கோஷ்டியில் மூன்று பேர். எழுபத்தாறு வயது மாமியார், கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகள், இரண்டு பேருக்கும் நடுவில் நான். மாமியாருக்குக் கோயில் ஒன்று போதும். மகளுக்கோ கோயிலைத் தவிர எது காட்டினாலும் சரி. இப்படிப்பட்ட கோஷ்டியை ஒரு நாளாவது கட்டி மேய்த்தவர்கள்தான் நான் சொல்லப்போகும் யோசனைகளின் அருமையை உணர்வார்கள்.

ஸ்டேஷன் ஊருக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. ஆட்டோ பிடித்து ஊருக்குள் வந்து, குளிக்கவும் பெட்டியை வைக்கவும் ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பி குடித்துவிட்டு உடனே கோயிலுக்குப் புறப்படுங்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். தவிர, வெயில் ஏறினால் கல்தரையில் காலை வைக்க முடியாது.

கோபுரத்தை நான் வர்ணிக்க வேண்டுமா? உங்கள் வீட்டிலேயே அது இருக்கலாம். குழந்தையின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் முத்திரையில் ஒரு கோபுரம் இருக்கிறதே, அது இதுதான் என்று இந்த ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். இல்லை, அது மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுரம் என்று வாதிடுகிற கட்சியும் உண்டு. இந்த வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. பதினொரு நிலை, 192 அடி உயரம். மதுரைக் கோபுரங்களில் உள்ளதுபோல் சுதைப் பொம்மைகளின் கூட்டம் இதில் இல்லை. அதனாலேயே காலை வெயிலில் அடுக்கடுக்காக ஏறுகிற அதன் வடிவம் பளிச்சென்று கண்ணில் நிற்கிறது. பாண்டியன் சபையில் வென்று பெற்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் கட்டியது என்பது ஐதிகம்.

ஒரு கோயில் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறோம்; உண்மையில் இரண்டு. கோபுரத்தை ஒட்டி இருப்பது வடபத்ரசாயி கோயில். ஆலிலைமேல் பள்ளிகொண்ட பெருமாளைச் சேவிக்கப் படியேறிப் போக வேண்டும். மாமியார் ஒவ்வொரு படிக்கும் ஒரு நாமம் சொல்லி ஏறினார். அந்தச் சாக்கில் நானும் மூச்சு வாங்கிக்கொண்டேன். இன்னொன்று நாச்சியார் கோயில், அதாவது ஆண்டாள் சந்நிதி. இரண்டுக்கும் நடுவே நந்தவனம். அங்கேதான் துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்தார் என்று காட்டுகிறார்கள். ஆண்டாள் சந்நிதியின் விமானத்துக்குப் பொன் வேய்ந்து 2016-ல் குடமுழுக்குச் செய்தார்கள்.

சந்நிதியில் நடுவே ரெங்கமன்னார் நிற்கிறார். ஒரு பக்கம் ஆண்டாள், மறுபக்கம் கருடாழ்வார். மற்றப் பெருமாள் கோயில்களில் கருடன் எதிரே கை கூப்பி நிற்பார்; இங்கே மாப்பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்த உரிமையில் பக்கத்திலேயே இடம் பிடித்துவிட்டார்! ஆண்டாளின் சரிந்த கொண்டையைப் பாருங்கள். கல்யாணப் பெண்ணுக்கு இந்தக் கொண்டை போட்டுவிடும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. போட்டுவிடுகிறவர்கள் இங்கே வந்து ஒருமுறை மூலத்தைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது. சில கல்யாணங்களில் நான் பார்த்த கொண்டைகள் தேங்காய்க் குடுமியைத்தான் நினைவூட்டின.

அப்புறம் இடக்கையில் உள்ள கிளி. இந்தக் கிளி மரத்தாலோ வெள்ளியாலோ செய்ததல்ல. ஒவ்வொரு நாளும் புதிதாக இலையாலும் பூவாலும் செய்கிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலை, கண்ணுக்குக் காக்காப்பொன். செய்து முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகிறது. ஒரு நாள் ஆண்டாள் கையில் இருக்கும். மறுநாளைக்கு வேறு கிளி. இப்படித் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். என் மகள் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு நின்றது இந்த இடத்தில்தான். "நாளைக்கு வாடப்போறதுக்கா இவ்வளவு நேரம் மெனக்கெடறாங்க?" என்று கேட்டாள். "நீ சாப்பிடற இட்லி எத்தனை நாள் இருக்கு? அதுக்கு நான் மெனக்கெடலையா?" என்றேன். சந்நிதியில் பேசக்கூடாது என்று மாமியார் எங்கள் இருவரையும் முறைத்தார்.

பிராகாரத்தில் கண்ணாடிக் கிணறு என்று ஒன்று இருக்கிறது. பெருமாளுக்காகக் கட்டிய மாலையைக் கோதை தன் கழுத்தில் போட்டுக்கொண்டு அழகு பார்த்தது இந்தக் கிணற்றுத் தண்ணீரில் என்பது கதை. மாலையில் தலைமயிர் ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டு தகப்பனார் துடித்துப் போனார். வேறு மாலை கட்டினார். பெருமாளோ, அந்தப் பெண் சூடிய மாலைதான் வேண்டும் என்றார். அன்றைக்குத் தொடங்கிய வழக்கம் இன்றும் விடவில்லை. புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருப்பதி வேங்கடவனின் கருட சேவைக்கும், சித்திரையில் மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போதும், ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இங்கிருந்துதான் போகிறது. பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒரே பெண். அவள் போட்டுக் கழற்றிய மாலைக்காக இரண்டு பெரிய கோயில்கள் காத்திருக்கின்றன!

மாமியார் இந்த ஊருக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பேத்திக்கு நல்ல இடத்தில் வரன் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான். கிணற்றடியில் அந்த ரகசியம் வெளிவந்துவிட்டது. மகள் சும்மா இருப்பாளா?

"பாட்டி, ஆண்டாளே மனுஷனைக் கட்டிக்க மாட்டேன்னு சொன்னவதானே? அவகிட்டே போய் எனக்கு மாப்பிள்ளை கேட்கறீங்களே!"

மாமியார் அசரவில்லை. "சொன்னாதான். ஆனா யாரைக் கட்டிக்கணும்னும் அவளே சொல்லிட்டாளே! நீயும் சொல்லிடேன், எனக்கு வேலை மிச்சம்."

மகள் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஒரு எச்சரிக்கை. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று வந்தால் தேரைப் பார்க்கலாம். நான் சொன்ன கிளியையும் கிணற்றையும் நின்று பார்க்க முடியாது. நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் சாதாரண நாளில், முடிந்தால் வாரத்தின் நடுவில் வாருங்கள்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் பால்கோவா. எந்தக் கடையில் வாங்குவது என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரில் இதைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். ஆனால் கிண்டுகிற இடம் ஒன்றை எப்படியாவது பார்த்துவிடுங்கள். விறகடுப்பில் அகன்ற இரும்புச் சட்டி. அதில் பத்து லிட்டர் பால். ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரை. அவ்வளவுதான் சரக்கு. மீதியெல்லாம் கை. நீளக் கரண்டியால் அடி பிடிக்காமல் முக்கால் மணி நேரம் விடாமல் கிண்டுகிறார்கள். பால் சுண்டி, நிறம் மாறி, திரள்திரளாக ஒதுங்கி, மூன்றேமுக்கால் கிலோ அளவுக்கு வந்து நிற்கிறது. 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது வேறு ஊரில் கிண்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பெயர் போட்டு விற்கக்கூடாது. 'இது நம் வீட்டுத் திரட்டுப்பால்தானே' என்று உங்களில் சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. உறவுதான்; ஆனால் வீட்டு அடுப்பில் இரண்டு லிட்டரைக் கிண்டுவதற்குள் நமக்குத் தோள் கழன்றுவிடுகிறது. இங்கே அந்த அம்மாள் பகலில் எத்தனை சட்டி கிண்டுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். சூடாக, வாழை இலைத் துண்டில் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடுங்கள். டப்பாவில் வருவது அதற்குத் தங்கைதான்.

பத்திரிகை படிக்கிற உங்களுக்கென்று இந்த ஊரில் இன்னோர் இடம் இருக்கிறது. பென்னிங்டன் நூலகம். 1875-ல் தொடங்கியது. அப்போது இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ஜில்லா கலெக்டராக இருந்த பென்னிங்டன் துரையின் பெயரை நூலகத்துக்கு வைத்தார்கள். கப்பலும் கட்டை வண்டியும் ஓடிய காலத்தில், இந்த ஊருக்கு ரயிலே வராத நாளில், ஊர்க்காரர்கள் நூலகம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். ரயில் வந்தது 1927-ல்தான். அரை நூற்றாண்டுக்கு முன்பே புத்தகம் வந்துவிட்டது! கோயிலில் ஒட்டாமல் நின்ற என் மகளை இங்கிருந்து கிளப்புவது பெரும்பாடாயிற்று. மாமியார் ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து, தொடர்கதைப் பக்கத்தைத் திருப்பி, தாம் விட்ட அத்தியாயம் இருக்கிறதா என்று தேடினார். இருந்தது.

திருமலை நாயக்கர் அரண்மனை ஒன்றும் இங்கே உண்டு. மதுரை மகாலைப் பார்த்தவர்களுக்குச் சிறியதாகத் தோன்றும், நேரமிருந்தால் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. மணி பன்னிரண்டு. பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம்.

ராஜபாளையம் போகிற பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். அந்த மலையின் அடிவாரத்தில்தான் செண்பகத்தோப்பு. 1988-ல் நரை அணிலுக்காகச் சரணாலயம் என்று அறிவித்த காடு. ஸ்ரீராமர் தடவிக் கொடுத்த நம் வீட்டுக் கொல்லை அணிலல்ல இது. உடம்பளவு நீள வால் கொண்ட பெரிய அணில். மரத்துக்கு மரம் தாவியே பொழுதைக் கழிக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 2021-ல் இந்தக் காட்டையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிவிட்டார்கள். அணிலுக்குக் கொடுத்த வீட்டில் புலிக்கும் இடம் கிடைத்தது.

ராஜபாளையத்தில் கோபுரம் இல்லை. அதனால்தான் யாரும் இறங்குவதில்லை. சாப்பாட்டை முடித்துக்கொண்டு தெருக்களில் கொஞ்சம் நடந்து பாருங்கள். சிங்கராஜா கோட்டை, பழையபாளையம், புதுப்பாளையம் என்று பெயர்கள். விஜயநகரக் காலத்தில் ஆந்திர தேசத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர் இது. நூற்றாண்டுகள் ஆகியும் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ். இரண்டையும் ஒரே மூச்சில் கலந்து ஒரு பாட்டியம்மாள் காய்க்காரரிடம் பேரம் பேசியதைக் கேட்டோம். எந்த பாஷையில் விலை குறைந்தது என்றுதான் கடைசிவரை புரியவில்லை.

இந்தத் தெருக்களிலிருந்துதான் பூசப்பாடி குமாரசாமி ராஜா அவர்கள் புறப்பட்டுப் போய்ச் சென்னை ராஜ்யத்தை ஆண்டார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1949 ஏப்ரலில் பதவி ஏற்றார். அப்போது அந்தப் பதவிக்கு முதலமைச்சர் என்ற பெயர்கூட இல்லை; 1950 ஜனவரி 26-ல் குடியரசு வந்தபோதுதான் அந்தப் பெயர் வந்தது. அவர் ஆண்ட ராஜ்யத்தில் ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்திருந்தன. வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி என்று வளர்ந்தவருக்கு அது புதிதாக இருந்திராது! 1952 தேர்தலில் தோற்றார். பிறகு ஒரிஸ்ஸாவில் கவர்னராக இருந்தார். 1957-ல் காலமானார். அவர் பெயர் நினைவில் நிற்க வேண்டியது வேறொரு காரணத்துக்காக என்று எனக்குத் தோன்றுகிறது. தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கென்று கொடுத்துவிட்டார். பதவியிலிருந்து இறங்கிய பிறகு ஊருக்குள் வீடு கட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டைக் கொடுத்தவரைக் காண்பது அபூர்வம்.

பி. ஏ. சி. ராமசாமி ராஜா இன்னொருவர். 1936-ல் அவர் தொடங்கிய ராஜபாளையம் மில்தான் இந்த ஊரை நூல் ஊராக்கியது. இந்த நூல் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் பிற்பகலை மிச்சம் பிடிக்கச் சொன்னேன்.

கிழக்கே சில கிலோமீட்டரில் சத்திரப்பட்டி. பக்கத்தில் சமுசிகாபுரம். ஊருக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதை அடைக்கிறது. இங்கே நெய்வது புடவை அல்ல, வேட்டி அல்ல, பேண்டேஜ் துணி. உங்கள் வீட்டில் மருந்துப் பெட்டியைத் திறந்தால் வெள்ளையாக, சல்லடைபோல் ஒரு சுருள் இருக்குமே, அதுதான். குழந்தை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் நாம் முதலில் தேடுகிற அந்தத் துணி எங்கே பிறக்கிறது என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததேயில்லை.

ஒரு தறிக்கூடத்து அம்மாளிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். விசைத்தறிகள் வரிசையாக ஓடுகின்றன. தறிகளுக்கு நடுவே பெண்கள் இப்படியும் அப்படியும் நடந்து, அறுந்த இழையைக் கண நேரத்தில் முடிந்து விடுகிறார்கள். சத்தத்தில் பேச்சு கேட்காது. உதட்டைப் பார்த்தே பதில் சொல்கிறார்கள். தறியிலிருந்து இறங்குவது காடாத் துணி. பார்க்கப் பழுப்பாக இருக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பருத்தியில் இயற்கையாக உள்ள மெழுகு தண்ணீரை உள்ளே விடாது. காரம் சேர்த்து வேகவைத்து, மெழுகைப் போக்கி, வெளுத்த பிறகுதான் அது காயத்துக்கு ஆகும். சரியாக வெளுத்ததா என்று சோதிக்க ஒரு துண்டைத் தண்ணீரில் போடுகிறார்கள். மளமளவென்று உறிஞ்சிக்கொண்டு உடனே மூழ்க வேண்டும். மிதந்தால் தள்ளுபடி. தண்ணீரைக் குடிக்கிற துணிதான் ரத்தத்தையும் சீழையும் குடிக்கும்.

மகள் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் ஒன்றும் பேசவில்லை. வெளுத்து மடித்து வைத்திருந்த துணிக் கட்டின் அருகில் போய், ஒரு முனையை விரலால் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதைத்தானே ரெண்டு வருஷம் மாத்தினேன்" என்றார்.

என் மாமனாருக்குச் சர்க்கரை வியாதியால் காலில் புண். கடைசி இரண்டு வருஷம் காலையிலும் மாலையிலும் அந்தக் கட்டை அவிழ்த்து, கழுவி, மருந்து வைத்து, புதுத் துணி சுற்றியது அவர்தான். நர்ஸ் வைக்கிறோம் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. பிடித்து இழுத்தால் வலிக்கும் என்று, ஒட்டியிருக்கும் துணியை உப்புநீரில் நனைத்து நனைத்து அரை மணி நேரம் எடுப்பார். அந்தத் துணி மருந்துக் கடையில் கிடைக்கும் என்பதற்கு மேல் எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது.

தறிக்கூடத்து அம்மாள் என்ன நினைத்துக்கொண்டாரோ, ஒரு சுருளை எடுத்து மாமியார் கையில் கொடுத்தார். "காசு வேண்டாம் பெரியம்மா. வீட்டிலே இருக்கட்டும். தேவைப்படாமலே இருக்கட்டும்" என்றார். மாமியார் அதை வாங்கி, காலையில் கோயிலில் கொடுத்த துளசிப் பிரசாதம் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார். மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே அழைத்து வந்தாள்.

மனசு கொஞ்சம் இலேசாகட்டும். இந்த வட்டாரத்தில் தளவாய்புரம் என்று இன்னோர் ஊர் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களின் தேசிய உடையான நைட்டி அங்கே மலைமலையாகத் தைக்கப்படுகிறது! புடவையைப் பற்றிக் காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளப்பட்டி என்று ஊர்ஊராகப் பேசுகிறோம். காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை நாம் உடுத்திக்கொண்டு உழைப்பதற்கு ஊர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் நாயைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். உடல் முழுக்க வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால். பன்றி வேட்டைக்குப் போன ஜாதி. 2005-ல் இந்திய நாய் இனங்களுக்கென்று நான்கு தபால் தலை வெளியிட்டபோது அதில் ஒன்றில் இடம் பெற்றது. வெள்ளைவெளேரென்ற நிறத்துக்காகவே வளர்த்து வந்ததில் குட்டிகள் சில செவிடாகப் பிறப்பதும் உண்டு. ஊரில் தெருவுக்குத் தெரு அது உலாவும் என்று எதிர்பார்க்காதீர்கள். வைத்திருப்பவர்கள் சுற்றுச்சுவருக்குள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்த ஒன்று, கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்தது. மேற்கொண்டு பார்க்க நாங்கள் விரும்பவில்லை.

மாம்பழக் காலத்தில் வந்தால் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கேட்டு வாங்குங்கள். சப்பட்டை பெயருக்கேற்றபடி தட்டையாக இருக்கும். அழகைப் பார்த்து வாங்குகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். போகட்டும், நமக்கு விலை குறையும்.

குழந்தைகள் உள்ள குடும்பம் தறி பார்க்கப் போவதற்குப் பதிலாக மேற்கே ஐயனார் கோயிலுக்குப் போகலாம். நீர் காத்த ஐயனார் என்று பெயர். பெயரே பாதி சொல்லிவிடுகிறது; மலையிலிருந்து இறங்கும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தண்ணீரைக் காவல் காக்கிறார். அருவியும் அங்கேதான். போகிற வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். ராஜபாளையத்துக்காரர்கள் குடிப்பது அந்தத் தண்ணீர். புலிக்கும் அணிலுக்கும் காடு விட்டுவைத்ததில் ஊருக்குக் கிடைத்த பங்கு அது. மழைக்காலத்தில் திடீரென்று வெள்ளம் வரும். வனத்துறையினர் தடுத்தால் அவர்களோடு வாதாட வேண்டாம். பிளாஸ்டிக் பை எதுவும் எடுத்துப் போகாதீர்கள். தறியையும் ஐயனாரையும் ஒரே பிற்பகலில் பார்க்க முடியாது. முயன்றால் பொதிகை உங்களுக்காக நிற்காது.

நாங்கள் ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. நடைமேடையில் பாதிப் பேர் கையில் பால்கோவாப் பெட்டி. ராஜபாளையத்துக்காரர்களும் ஊருக்குப் போகும்போது அதைத்தான் வாங்கிப் போகிறார்கள்! மகள் அடுத்த தடவை அணில் பார்க்கச் செண்பகத்தோப்புக்குப் போக வேண்டும் என்றாள். "மார்கழியிலே வந்தா திருப்பாவையும் கேட்கலாம்" என்றார் மாமியார். அணிலுக்குத் தனியாக ஒரு காலை வேண்டும் என்று மகள் சொல்ல, அப்படியானால் இரண்டு நாளாக வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் என்னைக் கேட்காமலேயே தீர்மானித்துவிட்டார்கள். வண்டி வந்தது.